கிரகணத்துக்கு வெட்டிய படம்

என் மகள் இலக்கியாவுக்கு முதலில் வலித்தது வயிறுதான். இருமல் அவ்வளவாக இல்லை. வலது பக்கம், விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். பூச்சியாக இருக்கும் என்று நெல்லிக்குப்பத்தில் மருந்து வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் வலது தோளும் வலிக்கிறது என்றாள். இரண்டாம் வகுப்புக்கு அந்தப் பை கனம் ஜாஸ்தி. பைதான் காரணம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் நூற்று மூன்று.

திருப்பாதிரிப்புலியூரில் இருந்த குழந்தை மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு நெஞ்சுக்கு எக்ஸ்ரே எழுதினார். வயிற்று வலிக்கு ஏன் நெஞ்சு என்று நான் கேட்கவில்லை. ஒரு வருடமாக நான் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. படத்தைப் பார்த்து அவரே சொன்னார். வலது நுரையீரலின் அடியில் நிமோனியா. அது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் அழற்சி வந்தால் வலி வயிற்றிலும் தோளிலும்தான் தெரியும். சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

சிதம்பரத்தில் அது ஆறாவது நாள். காய்ச்சல் நூறுக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே போகவில்லை. காலை பத்து மணிக்கு டாக்டர் சந்திரலேகா புதுப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும். படத்தில் எதையும் பென்சிலின் பின்பக்கத்தால்தான் தொட்டுக் காட்டுவார்.

உதரவிதானம், டாக்டர் சொல்லும் டயாஃப்ரம், படத்தில் இரண்டு கவிழ்த்த கிண்ணம் போலத் தெரியும். மேலே நுரையீரல், கறுப்பு. கீழே வயிறு, வெள்ளை. வலது கிண்ணத்தின் கீழே ஈரல் இருப்பதால் எல்லோருக்கும் அது சற்று உயரம். இலக்கியாவுக்கு மிகவும் உயரம். முதல் படத்தில் அந்தக் கோடே தெரியவில்லை. நிமோனியா மறைத்திருந்தது. இப்போது நிமோனியா கரையக் கரையக் கோடு வெளியே வந்திருக்கிறது. வந்த இடம்தான் சரியில்லை.

"ரெண்டு காரணம் இருக்கலாம் எழிலன்" என்றார். "நுரையீரலுக்கும் டயாஃப்ரத்துக்கும் நடுவுல சீழ் தங்கியிருந்தா கோடு இப்படி மேல தெரியும். இல்லன்னா இவளுக்குப் பொறந்ததுலேர்ந்தே அந்தப் பக்கம் தசை மெலிசா, ஏறியே இருக்கலாம். அப்படின்னா ஒண்ணும் செய்ய வேண்டாம்."

ஸ்கேனில் கொஞ்சம் நீர் தெரிந்தது. கெட்டியா இல்லையா என்று எடுத்தவர் உறுதியாகச் சொல்லவில்லை. சீழ் என்றால் மறுநாள் காலை எட்டு மணிக்கு மயக்க மருந்து கொடுத்து, விலாவில் துளை போட்டு, கேமரா விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் நுரையீரல் ஒட்டிக்கொள்ளும்.

மயக்க மருந்து என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். அடுத்து அவர் கேட்டது என் காதில் விழவில்லை.

என் மனைவி வினோதினி போன வருடம் செப்டம்பரில் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொள்ளப் போனாள். நடந்துதான் உள்ளே போனாள். மயக்கத்திலிருந்து எழவில்லை. லட்சத்தில் ஒருவருக்கு அப்படி ஆகும் என்றார்கள். போவதற்கு முன் அவள் விரலில் இருந்த மோதிரம் கழலவில்லை. நர்ஸ் அதை வெட்டி எடுத்து ஒரு பஞ்சில் சுற்றி என்னிடம் தந்தார். அது இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

டாக்டர் கேள்வியைத் திரும்பக் கேட்டார். "பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா? எந்த வயசுல எடுத்திருந்தாலும் பரவாயில்ல. அன்னைக்கும் இதே உயரத்துல இருந்திருந்தா, நாளைக்கு இத செய்ய வேண்டாம்."

இருந்தது. ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது சளி என்று நெல்லிக்குப்பத்தில் எடுத்தது. 2019 நவம்பர். எடுத்த இடத்துக்கு டாக்டர் அறை வாசலில் நின்றே போன் செய்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை. கொரோனாவில் மூடியது திறக்கவேயில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ் வருவேன்" என்றார் டாக்டர். "அதுக்குள்ள கெடைச்சா கொண்டாங்க. இல்லன்னா ஃபாரத்துல கையெழுத்து போட்டு வச்சிருங்க."

சம்மதப் படிவத்தில் பெற்றோர் என்று போட்டு இரண்டு கோடுகள் இருந்தன. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வார்டில் இலக்கியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வினோதினியின் தம்பி கதிர்வேல் துணைக்கு இருந்தான். ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். ஆறு நாளாக வண்டியை வேறு ஆளிடம் விட்டுவிட்டு இங்கேயே கிடக்கிறான். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். குழாயில் உறிஞ்சினால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏறும். இலக்கியாவால் ஒன்றைத்தான் ஏற்ற முடிந்தது. கதிர்வேல் தன் பங்குக்கு உறிஞ்சினான். இரண்டாவது பந்து பாதியில் நின்றது.

"மாமா, நீங்க பீடி குடிக்கிறீங்க. அதான் ஏறல" என்றாள். பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்துவிட்டார்.

"இது ஓட்ட பந்து பாப்பா" என்றான் அவன். என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். வராந்தாவுக்குக் கூட்டிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் சுருங்கியது.

"மயக்க மருந்தெல்லாம் வேணாம் மாமா" என்றான்.

"சீழ்னா கொடுத்துத்தான் ஆவணும்."

"அப்ப அந்தப் படத்த எடுத்துட்டு வாங்க. நான் பாத்துக்கறேன் இவள. கெளம்புங்க."

கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அந்தப் படம் எங்கே என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் மருத்துவச் சீட்டுகள் எல்லாம் ஒரு பச்சைக் கோப்பில் இருந்தன. வினோதினி போன பிறகு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவளுடைய ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில்தான். பிரிக்காமல் அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். எடை கூடப் பார்க்க விடவில்லை.

ஆனால் எக்ஸ்ரே அந்தக் கோப்பில் இல்லை. பரங்கிப்பேட்டை தாண்டும்போது அது எனக்குத் தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்து ஒரு மாதத்தில் சூரிய கிரகணம் வந்தது. 2019 டிசம்பர் இருபத்தாறு, காலை. எக்ஸ்ரே படத்தின் வழியாகச் சூரியனைப் பார்க்கலாம் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. வினோதினி தையல் கத்தரிக்கோலை எடுத்து மகளின் படத்தை நான்காக வெட்டினாள். மேல் பாதியில் இரண்டு, கீழ் பாதியில் இரண்டு. மேல் துண்டுகளில் கறுப்பு நன்றாக இருந்தது. அவற்றை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். கீழே வயிறு, வெளுப்பு. அதில் கண் கூசும். அதனால் அந்த இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மெஷினில் ஓரம் தைத்துத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். ஆலை லேபில் கரும்புச் சாறு பரிசோதிக்கிறேன். எக்ஸ்ரே படம் கண்ணைக் காப்பாற்றாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். குழந்தையின் மருத்துவப் படத்தை வெட்டுகிற முட்டாள்தனத்தையும் சொன்னேன். தெருவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

ஒரு மணிக்கு நெல்லிக்குப்பம் வீட்டைத் திறந்தேன். தையல் மெஷின் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. தேட வேண்டியதும் இல்லை. காரியம் முடிந்த அன்றே மெஷினையும் அதன் டப்பாவையும் எதிர்வீட்டுக் கொளஞ்சியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அவர் தயங்கினார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கொளஞ்சியம்மாள் இப்போது மேல்பட்டாம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். டவுன் பஸ்ஸில் பத்து நிமிடம். வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்பு. கண்புரை எடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது.

"வாங்க தம்பி. ஒரு வருஷமாச்சு வழி தெரியறதுக்கு" என்றார்.

இலக்கியாவைப் பற்றிச் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டார். எக்ஸ்ரே துண்டு என்றதும் முழுதாகப் புரிந்துகொண்டார்.

"எனக்குக் குடுத்தது மேல் துண்டு. அது அந்த மழைக்கே போச்சு. பேரன் கப்பல் செஞ்சு வுட்டுட்டான்." என் முகத்தைப் பார்த்தார். "அன்னைக்கு அந்தப் புள்ளைய என்னா பேச்சு பேசினீங்க. கண்ணு போயிடும் கண்ணு போயிடும்னு. எனக்கு இந்தக் கண்ணு போனது வயசுல தம்பி. கிரகணத்துல இல்ல."

டப்பா இருக்கிறதா என்று கேட்டேன்.

உள்ளே கூட்டிப் போனார். மெஷின் சன்னலோரம் இருந்தது. மேலே அவர் மகளின் பாதி தைத்த ரவிக்கை. டப்பா கட்டிலுக்குக் கீழே இருந்தது. தகர பிஸ்கட் டப்பா. குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் என்னையே எடுக்கச் சொன்னார். ஹூக் பாக்கெட், பாபின், சுண்ணாம்புக் கட்டி, துணி வெட்டல்கள். ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தேன். வெட்டல்களில் சில இலக்கியாவின் பாவாடைத் துணி. அடியில், டப்பாவின் வட்டத்துக்குச் சற்று வளைந்து, அது இருந்தது.

இரண்டு துண்டும் ஒன்றாக. ஓரத்தில் கறுப்பு நூல். தையல் ஒரு மூலையில் நேராக வராமல் விலகியிருந்தது. பிளாஸ்டிக்கில் ஊசி வழுக்கியிருக்கும்.

"தூக்கிப் போடல தம்பி. ரெண்டாயிரத்து இருவத்தேழுல ஒரு கிரகணம் இருக்குன்னு பேரன் சொன்னான். அதுக்கு வச்சிருந்தேன்" என்றார். பிறகு, "அன்னைக்கு அந்தப் புள்ள பாத்துட்டு உங்களக் கூப்பிட்டுச்சு. ஒரு தடவ வந்து பாருங்கன்னு. நீங்க வரல" என்றார்.

வரவில்லை. உள்ளே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குமேல் மேல்பட்டாம்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் கிடைத்தது. படத்தை நாளிதழுக்குள் வைத்து மடியில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்க்கவில்லை. இரண்டு துண்டுகள் ஒன்றாக இருக்கும்போது எதுவும் தெரியாது, வலதும் இடதும் ஒன்றன்மேல் ஒன்று. கடலூர் முதுநகரில் கதிர்வேல் போன் செய்தான். காய்ச்சல் நூறு பாயிண்ட் நான்கு என்றான். பந்து இன்னும் ஒன்றுதான் என்றான். அவளிடம் கொடுத்தான். "அப்பா, மாமா வெளிய போய் பீடி குடிச்சிட்டு வந்தாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டாக்டர் சந்திரலேகா ஆறுக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். நான் நாளிதழைப் பிரித்துக் கொடுத்தேன். தைத்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

கிரகணத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் அப்படிச் செய்தார்கள் என்றார். பிறகு, "பக்கத்துல பக்கத்துல வைக்கணுமே" என்றார். தையல் பிரிக்கும் சிறிய கத்தரி ஒன்றை டிரேயிலிருந்து எடுத்து நீட்டினார்.

நான் அதை வாங்கிக்கொண்டு சற்று நேரம் நின்றேன். பிறகு உட்கார்ந்து பிரித்தேன். ஒரு தையல் விட்டு ஒரு தையல் வெட்டினால் நூல் தானாக வந்துவிடும். வினோதினி அப்படித்தான் பிரிப்பாள். நூலை மேசை மேல் வைத்தேன்.

டாக்டர் துண்டுகளை விளக்குப் பெட்டியில் அருகருகே வைத்தார். வெட்டு நேராக இல்லை. நடுவே இடைவெளி விழுந்தது. முதுகெலும்பின் பாதி இந்தத் துண்டிலும் பாதி அந்தத் துண்டிலும் இருந்தது. அதை வைத்துப் பொருத்தினார். ஒரு துண்டில் வயிற்றுக் காற்று கறுப்பாகத் தெரிந்தது. அது இடப்பக்கம். மற்றதில் ஈரல். அந்தப் பக்கக் கிண்ணம் மேலே ஏறியிருந்தது. பார்த்ததும் எனக்கே தெரிந்தது.

"அன்னைக்கு ரொம்ப அழுதா" என்றேன். "அழுததால படம் சரியா வரலன்னு எடுத்தவரு சொன்னாரு."

"அழுதா ரெண்டு பக்கமும் ஏறும். ஒரு பக்கம் மட்டும் ஏறாது." பென்சிலால் விலா எலும்புகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். புதுப் படத்தையும் பக்கத்தில் மாட்டினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஒரு கஷ்டம் இருக்கு. இதுல பேரு இல்ல, தேதி இல்ல. அதெல்லாம் மேல் துண்டுல போயிருக்கும். தையல் டப்பாலேர்ந்து கெடைச்சதுன்னு சொல்றீங்க. இது வேற யாரோட குழந்தையா இருந்தா நான் தப்பான முடிவு எடுத்துடுவேன். நாளைக்கு சீழ உள்ளயே விட்ட மாதிரி ஆயிடும்."

அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மறுபடி படத்தைப் பார்த்தேன். இடப்பக்கத் துண்டின் கீழ் ஓரத்தில், குழந்தையின் இடுப்பைச் சுற்றி, நான்கு விரல் எலும்புகள் இருந்தன.

படம் எடுத்த அன்று எக்ஸ்ரே அறையில் நானும் வினோதினியும் குழந்தையைப் பிடித்துக்கொண்டோம். நான் குழந்தையின் கைகளை மேலே தூக்கிப் பிடித்தேன். அவள் இடுப்பைப் பிடித்தாள். எடுத்தவர் வளையலையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னார். வளையலைக் கழற்றினாள். மோதிரம் பிரசவத்துக்குப் பிறகு கழலவே இல்லை. சோப்புப் போட்டும் வரவில்லை. எடுத்தவர் எரிச்சலோடு அப்படியே எடுத்தார்.

மூன்றாவது விரலில் வெள்ளையாக ஒரு பட்டை. அதன் மேல் மூன்று மணிகள். நடுமணி பெரியது.

பர்ஸைத் திறந்து பஞ்சைப் பிரித்தேன். மோதிரத்தை மேசை மேல் வைத்தேன். வெட்டிய இடத்தில் வாய் திறந்திருந்தது.

டாக்டர் அதைக் கையில் எடுத்தார். படத்தின் மேல், அந்த விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று மணி. நடுமணி பெரியது.

"யாரோட கை?"

"அவ அம்மா."

ஏன் வெட்டியிருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. முதல் நாள் குடும்ப விவரம் கேட்டு எழுதியவர் அவர்தான். நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு படத்திலும் விலா எலும்புகளை இன்னொரு முறை எண்ணினார். ஸ்கேன் அறைக்குப் போன் செய்து இலக்கியாவை உடனே அழைத்து வரச் சொன்னார். இந்த முறை அவரும் கூட நின்றார். அவளை ஆழமாக மூச்சிழுக்கச் சொன்னார். அந்தப் பக்கம் மெதுவாகத்தான் அசைந்தது, ஆனால் அசைந்தது. நீர் கொஞ்சம்தான், தெளிவாகத்தான் இருந்தது.

வராந்தாவிலிருந்தே சர்ஜனுக்குப் பேசினார். "நாளைக்கு வேணாம் சார். அது பழைய ஏத்தம். மருந்துலயே ரெண்டு நாள் பாத்துடுவோம்." என் பக்கம் திரும்பினார். "காய்ச்சல் மறுபடி ஏறினா யோசிப்போம். எறங்கினா வீட்டுக்குப் போயிடலாம். ஆறு வாரம் கழிச்சு ஒரு படம். அத முழுசா வச்சிருங்க."

சட்டைப் பையிலிருந்த படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதன் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

கதிர்வேலிடம் சொன்னேன். அவன் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பசிக்கிறது என்றான். ஆறு நாளில் அவன் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. இட்லி வாங்கி வரப் போனான்.

நான் கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். அந்தப் படம் முழுதாக இருந்திருந்தால் பச்சைக் கோப்பில் இருந்திருக்கும். கோப்போடு போயிருக்கும்.

இலக்கியா நாளிதழைப் பிரித்துத் துண்டுகளை எடுத்துவிட்டாள். இது என்ன என்றாள். உன் வயிறு என்றேன், நீ கைக்குழந்தையாக இருந்தபோது. விரல்களைக் காட்டி இது யார் என்றாள். சொன்னேன். அவள் தன் விரல்களை அதன் மேல் வைத்தாள். நகத்தால் ஓரத்துத் துளைகளைத் தடவினாள்.

"இதுல ஏன் ஓட்ட ஓட்டயா இருக்குது?"

"அம்மா தைச்சிருந்தாங்க. இப்பதான் பிரிச்சேன்."

"திரும்பத் தைங்க."

எனக்குத் தைக்கத் தெரியாது. பக்கத்துக் கட்டில் அம்மா பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தார். வெள்ளை நூல்தான் இருந்தது. துளைகள் ஏற்கெனவே இருந்ததால் கஷ்டமாக இல்லை. அதே துளைகளில் விட்டு எடுத்தேன். விலகிப் போன மூலையிலும் அப்படியே விலகிப் போனேன்.

அவள் அதை வாங்கிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே வெளிச்சம் போய்விட்டிருந்தது. நாளைக்குச் சூரியனைப் பார்க்கலாமா என்றாள். கூடாது, கண் கெட்டுவிடும் என்றேன். வேண்டுமானால் டியூப்லைட்டைப் பார் என்றேன்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைக்கு மேலே பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.

"அப்பா, ஒரு தடவ வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன்.